நீலச் சுடர் அணையும் முன்

சன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. உள்ளே வரும் பனித்தூள் கணப்பின் சூடான சுண்ணாம்புச் சுவரில் பட்டு நீராக வழிகிறது. வாசற்படியில் ஆட்டுத்தோலைப் போர்த்தியபடி மாமியார் மோத்ரியா உட்கார்ந்திருக்கிறாள். தலைசுற்றலுக்கு மருந்தாக மருமகள் யாரினா நீட்டும் முட்டைக்கோஸ் ஊறுகாய்த் தண்ணீரை மெல்லக் குடிக்கிறாள். தணல்மேல் நீலச் சுடர் ஓடும்போது புகைபோக்கித் தகட்டை மூடினால் விஷப்புகை வீட்டுக்குள் நிற்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். யாரினாவுக்கும் தெரியும். சூடு வீணாகிறதே என்று விடிகாலையில் மூடிவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டாள். கணப்பின் மேலே சூடாகப் படுக்கக் கட்டிய மேடையில் மோத்ரியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு மூடினது?" ஓடிவந்த ஓஸ்தாப் மூச்சிரைக்க அம்மாவையும் மனைவியையும் பார்க்கிறான். யாரினா வாயைத் திறப்பதற்குள், "நான்தாண்டா. கண்ணு சரியா தெரியல. அதுக்கு ஊரைக் கூட்டாதே" என்கிறாள் மோத்ரியா.

"நாப்பது வருஷமா கணப்பு மூட்டுற, உனக்கா தெரியல? இனிமே நீ கணப்புகிட்டயே போகாத. யாரினா பாத்துக்கட்டும்."

அவன் விறகு பிளக்கப் போகிறான். தகட்டுக் கரி படிந்த விரல்களை யாரினா மேலங்கிக்குள் மறைக்கிறாள்.

"நான் சொல்லிடறேன், அத்தை."

"சொல்லு. என் தலைவலி போனப்புறம் சொல்லு. அவன் இன்னொரு தடவை கத்தினா எனக்குத் தாங்காது."

மோத்ரியா அந்தக் கையை வெளியே இழுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொள்கிறாள். கிழவியின் விரல்கள் இன்னும் சில்லென்றிருக்கின்றன. கொல்லையில் கோடரி விழும் ஒவ்வொரு முறையும் யாரினாவின் தோள் குலுங்குகிறது.