பின்னலின் நிழல்

“மூச்சைப் பிடிங்கன்னுதான் சொன்னேன் சித்தி, சிரிக்கச் சொல்லல!”

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக் கத்தி, எக்ஸ்ரே படிப்பு மாணவிக்குத் தொண்டையே கட்டிக்கொண்டது.

அந்தப் பக்கம், பலகையில் நெஞ்சை ஒட்டி நின்ற சித்தி, பிடித்த மூச்சையெல்லாம் சிரித்தே தீர்த்துவிட்டாள்.

ஒரு மாதமாக இருமல். மார்புப் படம் எடுத்து வரச்சொல்லி டாக்டர் சீட்டு கொடுத்திருக்கிறார். எங்கேயாவது எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? அக்கா மகள் கையால்தான் எடுப்பேன் என்று, சரியாகச் செய்முறைத் தேர்வன்று வந்து நிற்கிறாள்.

மார்புப் படத்தில் ஏற்கெனவே கோட்டைவிட்டவள் இவள். இன்றும் விட்டால் ஒரு வருடம் போச்சு. பயிற்சி ஆசிரியை பின்னாலேயே கைகட்டி நிற்கிறார். படம் சரியில்லை என்றால் மறுபடி எடுக்க ஒரே ஒரு தடவைதான் விடுவார்.

சித்திக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? சங்கிலியைக் கழற்றச் சொன்னால் கம்மலைக் கழற்றுகிறாள். கவுனை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று வேறு கேட்கிறாள்.

ஒருவழியாக மூச்சு நின்றது. இவள் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் படம் வந்தது. வலது நுரையீரலின் உச்சியில் வெள்ளையாக ஒரு நிழல்.

பின்னல்! தோளில் தொங்கும் பின்னல் படத்தில் இப்படித்தான் விழுமென்று வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னார்கள். தூக்கிக் கட்டச் சொல்ல மறந்தது இவள்தான். ஆனாலும் கோபம் என்னவோ சித்தி மேல்தான் வந்தது.

“உங்க பின்னலால நான் ஃபெயிலாகப் போறேன்!”

“பொறாமைடி உனக்கு,” என்று இருமிக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்தாள் சித்தி.

இவள் பின்னலைச் சுருட்டி, உச்சந்தலையில் இறுக்கிக் கொண்டை போட்டாள். தோளை முன்னால் தள்ளி, தாடையை நிமிர்த்திவிட்டு ஓடிவந்தாள்.

“மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க!”

இந்த முறை சித்தி கல்லாக நின்றாள்.

படம் வந்தது. தோள்பட்டை எலும்புகள் விலகியிருந்தன. விலா எலும்புகள் ஒவ்வொன்றும் துல்லியம். அப்பாடா என்று நினைத்தவள் மேலே பார்த்தாள்.

அதே நிழல். அதே இடத்தில், இம்மியும் நகராமல்.

கொண்டையை அவிழ்த்துவிட்டாளா இந்த மனுஷி? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று பாய்ந்து போனாள்.

கொண்டை போட்டது போட்டபடி இருந்தது. பிடரியைத் தொட்டாள். தோளைத் தடவினாள். கவுன் கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஊக்கில்லை, பொத்தானில்லை, ஒரு முடிகூட இல்லை.

வெளியே எதுவுமே இல்லை.

இவள் மறுபடியும் தோளைத் தடவினாள். ஏதாவது ஒன்று இருந்து தொலையக்கூடாதா, நான் ஃபெயிலாகிவிட்டுப் போகிறேனே!

பின்னால் வந்த ஆசிரியை இவள் தோளில் கைவைத்தார்.

“உன் மேல தப்பில்லம்மா,” என்றார், இவளுக்கு மட்டும் கேட்கும்படி. “படம் சரியாத்தான் இருக்கு. பாஸ்.”

சித்தி இன்னும் பலகையைக் கட்டிக்கொண்டு, கன்னம் உப்ப மூச்சைப் பிடித்தபடியே நின்றாள். விடச் சொல்ல இவள் மறந்திருந்தாள்.

“விடுங்க சித்தி. நான் பாஸாயிட்டேன்.”

“பாத்தியா!” புஸ்ஸென்று மூச்சை விட்டுத் திரும்பினாள் சித்தி. முகமெல்லாம் சிரிப்பு. “எல்லாம் என் ராசிடி!”