ஏழு இன்ஹேலர்கள்

விமானப்படை டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மூச்சுப் பரிசோதனையில் நான் தேறியிருந்தேன். நான் ஊதிய ஊதலில் இயந்திரமே மிரண்டிருக்கும். வில்லங்கம், விமானப்படை கேட்டதற்காக எங்கள் மருந்துக்கடைக்காரர் உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்த மருந்துப் பட்டியலில் இருந்தது.

சின்ன வயதில் ஆஸ்துமா இருந்ததை நான் மறைக்கவில்லை. பதினோரு வயதுக்குப் பிறகு மருந்தே எடுக்கவில்லை என்று படிவத்தில் எழுதியிருந்தேன். பட்டியலோ, என் பெயரில் வருடத்துக்கு ஒரு இன்ஹேலர் வாங்கியதாகச் சொன்னது. கடைசியாகப் போன மாதம்.

"பிளேன் ஓட்டப் போறவங்க பொய் சொல்லக் கூடாதும்மா" என்றார்.

வாங்கியது யாரென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

அம்மா விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். கைப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். சீப்பு, சாவிக்கொத்து, ஏழு இன்ஹேலர்கள். புதிது வாங்கினாலும் பழையதைத் தூக்கிப்போட மனசு வராது அவளுக்கு.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருட ஆசையில் இப்படி மண்ணைப் போட்டுவிட்டாளே.

டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இன்னும் எத்தனை தடவை அழுத்தலாம் என்று காட்டும் சின்ன எண் பின்பக்கம் இருக்கும்.

இருநூறு. இருநூறு. வாங்கியது வாங்கியபடியே. இருநூறு.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆறாவதில் அவர் கை நின்றது. நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அது நாந்தான் சார். போன வருஷம் பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்துல, இவ கடைசி வளைவுல மூச்சு வாங்கிட்டு வந்தா. பயத்துல கைய இறுக்கிட்டேன். காத்துல போயிடுச்சு."

டாக்டர் சிரித்துவிட்டார். ஏழாவதையும் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்து, 'வாங்கியது உண்மை, பயன்படுத்தவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்தது கண் பரிசோதனை, நான்காம் அறை என்றார்.

நான் எழுந்திருக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ வந்து நின்றால் எனக்கு ஓடவே வராது என்று சண்டை போட்டு, அன்று அவளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து, அந்தக் கடைசி வளைவை எப்படிக் கடந்தேன் என்று அரைமணி நேரம் அளந்தேன்.

முதல்முறை கேட்பவள்போல அவ்வளவையும் கேட்டுக்கொண்டாள்.