மேல வாசல்

"மேல வாசல்லதான் நிக்கோம். நீங்க வந்துட்டீங்களா?" போனில் இசபெல்லாவின் குரல் தேனாக ஒழுகியது.

"நாங்களும் மேலதானுங்க நிக்கறோம். உங்களக் காணமே?" மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

பக்கத்தில் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக நின்ற அனுஜாவுக்கு எரிச்சலாக வந்தது. தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்ட அவளுக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. 'கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வேலையெல்லாம் வேண்டாமுங்க' என்று கோயம்புத்தூர் மாப்பிள்ளை வீட்டில் சொன்னதற்கு, அப்பா இனிகோ சரியென்று தலையாட்டிவிட்டார்.

"உங்கம்மா எட்டு வருசம் நர்ஸா இருந்த ஊருளா. நல்ல சனங்க" என்பது அவர் கட்சி.

அம்மா இசபெல்லாவாவது தனக்காக வாய் திறப்பாள் என்று அனுஜா நம்பியிருந்தாள். அவளோ, "பேசாமப் பூவ வையிளா" என்றதோடு சரி. பெண் பார்க்க இந்தக் கரட்டுமலைக் கோட்டையைச் சொன்னதே அவள்தான். மாப்பிள்ளை இன்று மத்தியானம் திருச்சியில் விமானம் ஏறுகிறான். போகிற வழியில் பெண்ணைப் பார்த்த மாதிரியும் இருக்கும், கோட்டையைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்றாள். பார்த்த கையோடு பேசி முடித்துவிட இனிகோ மோதிரத்தையே சட்டைப்பையில் வைத்திருந்தார்.

இனிகோ மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல். கடலில் கத்திப் பழகிய தொண்டை. அவர் போனில் குசலம் விசாரித்தாலே சண்டைக்குப் போவது போல் இருக்கும் என்று, இசபெல்லா போனை அவர் கையில் கொடுக்கவே இல்லை.

"என்னவாம்?" என்றார் இனிகோ.

"கீழ வாராங்களாம். வாங்க, கீழ வாசலுக்குப் போவோம்."

வெயிலில் மலையைப் பாதி சுற்றி நடந்தார்கள். கிழக்கே காவிரி வளைந்து ஓடுவதும், கரையெல்லாம் வாழை நிற்பதும் தெரிந்தது. அனுஜாவுக்கு அதையெல்லாம் பார்க்க மனசில்லை. அம்மா ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். மகளைத் தள்ளிவிட எவ்வளவு அவசரம் என்று நினைத்தபோது அனுஜாவுக்கு அழுகை முட்டியது.

கீழ வாசலில் போய் நின்றதும் போன் வந்தது.

"கீழ வந்துட்டோமுங்க. இங்க ஒருத்தரையுங் காணோம்."

"நாங்களும் கீழதான நிக்கோம். நல்லாப் பாருங்க."

"என்னத்தப் பாக்கறது? உச்சி வரைக்கும் ஏத்தி எறக்கிட்டீங்க. என்ற முட்டி போச்சு. பையனுக்கு ஃபிளைட்டுக்கு வேற நேரமாச்சு. இந்தச் சம்பந்தமே வேண்டாமுங்க."

போன் பட்டென்று துண்டிக்கப்பட்டது. உச்சி என்ற வார்த்தை அப்பா காதிலும் விழுந்திருந்தது. அண்ணாந்து மலையைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"ஏளா, அவங்களுக்கு மேலன்னா மலை உச்சி. கீழன்னா அடிவாரம்."

"நம்ம ஊர்ல மேலன்னா மேற்கு, கீழன்னா கிழக்குதான? நான் என்னத்தக் கண்டேன்" என்றாள் இசபெல்லா, பாவம் போல.

"நடுக்கடல்ல திசை தப்பாதவன், உம்பின்னாடி வந்தேன் பாரு." தலையில் கை வைத்துக்கொண்டார் இனிகோ. கோட்டைக்கு வந்து மாப்பிள்ளையைக் கோட்டை விட்டாயிற்று.

திரும்பும்போது வாடகைக் காரில் அப்பா வழியெல்லாம் அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்து, ஒருவழியாக முன் சீட்டில் குறட்டை விட ஆரம்பித்தார். அம்மா தெரியாமல் செய்த தப்பு தனக்கு நல்லதாகப் போயிற்று என்று அனுஜா மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

அம்மாவின் போன் அடித்தது. கூட வேலை பார்த்த பழைய கோயம்புத்தூர்த் தோழி. அம்மா முன் சீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அச்சுப் பிசகாத கோயம்புத்தூர்த் தமிழில் மெல்லப் பேசினாள்.

"வந்த காரியம் நல்லபடியா முடிஞ்சுதுங்க்கா. மேக்கால வாசல்ல கொஞ்ச நேரம், கெழக்கால வாசல்ல கொஞ்ச நேரம் நின்னமுங்க. திங்கக்கெழம என்ற புள்ள கிரேன்ல ஏறிருவாளுங்க."