அசல்லதான் தப்பு

"இன்னிக்கு அந்த ஆள் மேல புகார் கொடுக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்!"

தையல்காரம்மா போட்ட சத்தத்தில் கணவரின் கையிலிருந்த காபி தளும்பியது.

"யாரு, மியூசியம் காவலாளியா? என்ன பண்ணான்?"

"முதுகுக்குப் பின்னாடியே நிக்கிறான். நான் என்னமோ அந்தப் பழைய படத்தைச் சுருட்டிக்கிட்டு ஓடிடுவேன்கிற மாதிரி! தள்ளி நில்லுங்கன்னா ரெண்டடி போறான், உடனே திரும்ப வந்துடறான். கை எப்படி ஓடும்? மூணு மாசமா மூக்கு வரலை."

"மூக்கு வராததுக்கும் அவனா காரணம்?"

முறைத்த முறைப்பில் கணவர் காபியோடு அடுக்களைக்குள் நழுவினார்.

ஐம்பது வயசுக்கு மேல் ஆயில் பெயின்டிங் கத்துக்கிறதுன்னா சும்மாவா? "பெரிய ஓவியர் வரைஞ்ச ஒரு முகத்தைப் பார்த்து அப்படியே போடுங்க, கை தானா பழகும்" என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

மியூசியம் சுவரில், முந்நூறு வருஷத்துப் பழைய படத்தில் ஒரு சீமாட்டி சிரித்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மாவின் கேன்வாஸில் பாவம், அவளுக்கு ஜலதோஷம்.

இன்னிக்கும் மூக்கு வராவிட்டால் பிரஷ்ஷைத் தலைமுழுகிவிடுவது என்ற முடிவோடுதான் மியூசியத்துக்கு வந்திருந்தார். புகார்க் கடிதமும் பைக்குள் தயார்.

தப்பு எங்கே என்று பிடிபடாவிட்டால், நாம வரைஞ்ச படத்துக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணாடியில் பார்க்கணும். இடம் வலம் மாறினால் கோணல் பளிச்சென்று தெரியும். டீச்சர் சொன்ன வித்தை இது.

கைக்கண்ணாடியை உயர்த்தினார். திரும்புவதற்குள் அதில் காவலாளி தெரிந்தார்.

அவர் தையல்காரம்மாவைப் பார்க்கவே இல்லை. திரும்பி நின்று, ரெண்டு கையையும் விரித்து யாரையோ மறித்துக்கொண்டிருந்தார். எதிரே நாலு பேர், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு.

"ஐயோ, அந்த மூக்கைப் பாருங்களேன்!"

தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. மூணு மாசமா இதுதான் நடக்குதா?

"உஸ்ஸ்!" காவலாளி குரலைத் தாழ்த்தினார். "சிரிக்காதீங்க சார். அசல்லதான் மூக்கு தப்பு. அம்மா அதைப் பொறுமையா சரி பண்ணிக்கிட்டிருக்காங்க."

நாலு பேரும் சுவரிலிருந்த சீமாட்டியைச் சந்தேகமாய்ப் பார்த்தார்கள்.

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மறுபடி மூக்கிலிருந்து ஆரம்பிக்கணும். பிரஷ்ஷைத் துடைக்க ஒரு காகிதம் வேண்டுமே என்று பைக்குள் கைவிட்டார்.

புகார்க் கடிதம் அதுக்குக் கச்சிதமாய் இருந்தது.