வண்டு போடாத ஓட்டை

பழைய மரச்சாமான்களைச் சீர் செய்யும் கடை அது. போன வாரம் செய்த நாற்காலியை நூறு வருஷப் பழசாகக் காட்ட, டிரில் மெஷின் கூச்சமே இல்லாமல் அதில் குட்டிக் குட்டியாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தேக்கு அலமாரியிலிருந்து மரவண்டு எட்டிப் பார்த்தது. "ஏம்ப்பா, இதெல்லாம் யார் போட்டதுன்னு சொல்லப் போறே?"

"நீங்கதான்னு, அண்ணே," என்றது டிரில்.

"இப்படி வரிசையாவா? நான் என்ன ஸ்கேல் வச்சா சாப்பிடறேன்? என் மானமே போயிடும்!"

நாற்காலி அழுதது. "வண்டண்ணே, சாயங்காலம் என்னை வாங்க ஆள் வராங்க. மாட்டிக்கிட்டா என்னை அடுப்பில வச்சிடுவாங்க. நாலு கடி நிஜமாவே கடிச்சிடுங்களேன்."

பாவமாக இருந்தது. வண்டு ஒரு கடி கடித்தது. உடனே தூ என்று துப்பியது.

"பிளைவுட்! இதைத் தின்னேன்னு தெரிஞ்சா, எனக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?"