சீப்பு அச்சு

உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்குக் கோடை முழுக்க விரல் நுனி பிளந்துதான் கிடக்கும். மகளை நிச்சயம் செய்த வீட்டுக்கு ஈஸ்டர் பலகாரம் கொண்டுபோக, சோமாஸ் செய்ய உட்கார்ந்த புஷ்பமரிக்கு ஓரத்தை அழுத்தி மடிக்க முடியவில்லை. முதல் சோமாஸ் வாயைப் பிளந்து, பூரணம் கருகி, எண்ணெயே கசந்துபோனது. போத்தலில் இருந்த மிச்ச எண்ணெய் ஒரு ஈடு சுடத்தான் காணும். பக்கத்து வீட்டு எஸ்தரைக் கூப்பிட்டாள். அவளும் அதே உப்பளம்தான், அதே விரல்தான்.

"வெறுங்கையோட போனா எம்மவள என்ன நெனப்பாவ?"

எஸ்தர் தன் வீட்டுக்குப் போய்ப் புதுச் சீப்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். "மொறைக்காத, இன்னும் எந்தப் பேனும் ஏறல" என்று சொல்லி மாவின் ஓரத்தில் அழுத்தினாள். பல் பல்லாக அச்சு விழுந்தது. எண்ணெயில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டில், அவன் அம்மா அருளம்மாள் சோமாஸ் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதென்ன மயினி, சீப்ப வச்சி அமுக்குனாப்புல இருக்கு?"

"அது எங்க ஊரு வழக்கம், மயினி." புஷ்பமரி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அருளம்மாள் அந்த முந்தானையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, அடுப்படியில் சோமாஸ் மடித்துக்கொண்டிருந்த தன் மகளைப் பார்த்துச் சத்தம் கொடுத்தாள்.

"ஏட்டி சகாயம், மடிச்சது போதும். புதுச் சீப்பு ஒண்ணு எடு. இனி நமக்கும் அதான் வழக்கம்."

முந்தானைக்குள்ளேயே புஷ்பமரியின் கைகள் கும்பிட்டன.