அணிலுக்கு ஒரு பாராட்டு விழா

தோப்பிலேயே முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய அணிலுக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லூரியில் இடம் கிடைத்தது. முதுகில் ஏற்றி அக்கரை சேர்க்க, ஆமை ஒரு மூட்டை கடலை கூலி கேட்டது. எலி முதல் ஆடு வரை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மூட்டையை நிரப்பிவிட்டன.

"சும்மா தூக்கிக் குடுத்தா யாருக்குத் தெரியும்? விழா வைப்போம்" என்றது தலைவர் மயில்.

சிறப்பு விருந்தினர் யானை. வந்தவருக்கு வெறும் தண்ணீரா கொடுப்பது? மயில் மூட்டையை அவிழ்த்து வைத்தது. வரவேற்புரை முடிவதற்குள் கடலை காலி.

அணிலுக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் வெறும் சாக்கைத் திணித்து, "போட்டோவுக்குச் சிரிம்மா" என்று கிசுகிசுத்தது மயில். அணிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

யானையோ மைக்கைப் பிடித்து, "இந்தப் பொண்ணு படிப்புக்கு என்னால ஆனதைச் செய்வேன்!" என்று முழங்கியது.

கைதட்டல் ஓயுமுன் அணில் மைக்குக்குத் தாவியது. "ரொம்ப நன்றிங்க ஐயா. ஆமைக்குக் குடுக்க வேண்டிய கூலி உங்க வயித்துல இருக்கு. நீங்களே என்னை அக்கரையில விட்டுடுங்க."

கைதட்டல் தோப்பையே அதிரவைத்தது. யானை நெளிந்துகொண்டே ஆற்றில் இறங்கியது. நடு ஆற்றில், முதுகிலிருந்த அணில் அதன் காதருகே குனிந்தது.

"பொங்கல் லீவுக்கு ஊருக்கு வரணும் ஐயா. மறந்துடாதீங்க."